உங்களுக்குத் தெரியுமா? – ஒரே வேண்டுதல், பல விளிகள்

பண்டைய கெல்ட்டிய மக்களின் குருமாராகவும் வழக்குத் தீர்ப்போராகவும் விளங்கிய ட்ரூயிட்டுகள் தம் நெறிக்கல்வியை எழுத்தில் பொறிக்காமல் வாய்மொழியாகவே கையளித்ததால், 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் மீண்டும் தலையெடுத்த இன்றைய ட்ரூயிட் நெறிக்கு, அனைவரையும் கட்டுப்படுத்தும் மறைநூலோ ஒற்றைத் தலைமையோ அமையவில்லை.

வேல்ஸ் நாட்டுக் கவிஞர் யோலோ மோர்கானுக் 1792இல் இலண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் ‘கோர்செத்’ எனப்படும் பாணர் அவையைக் கூட்டினார். பழஞ்சுவடிகளில் கண்டதாக அவர் கூறியவற்றுள் பல அவரே புனைந்தவை எனப் பிற்கால ஆய்வாளர் நிறுவினர். எனினும் அவர் வழியாக வந்த வேண்டுதல் ஒன்று இன்றும் பல குழுக்களில் வட்டமாக நின்று ஓதப்படுகிறது. அதன் தொடக்கத்தில் ஒருவர் ‘இறைவனே’ என்றும், அவர் அருகில் நிற்பவர் ‘இறைவியே’ என்றும், மற்றொருவர் ‘ஆவிகளே’ என்றும் தத்தம் நம்பிக்கைக்கேற்ப விளிக்க, அடுத்த சொல்லிலேயே எல்லாக் குரல்களும் மீண்டும் ஒன்றாகிவிடுகின்றன. வேறுபாட்டை மறைக்காமல் ஒற்றுமை பேணும் இவ்வழக்கம், எந்தக் கொள்கை அறிக்கையைக் காட்டிலும் உயர்ந்தது.

1964இல் ராஸ் நிக்கல்ஸ் தோற்றுவித்த, பாணர், ஓவேட் (குறியுணர்வோர்), ட்ரூயிட் என்னும் மூன்று படிநிலைகள் கொண்ட சங்கம், கிறித்தவரையும் பௌத்தரையும் கூட உறுப்பினராக ஏற்கிறது. 1983இல் அமெரிக்காவில் ஐசக் போன்விட்ஸ் நிறுவிய அமைப்போ பல தெய்வ வழிபாட்டை வலியுறுத்துகிறது. தெய்வம் பற்றி ஒருமித்த கோட்பாடு இல்லாத ‘ட்ரூயிட் நெட்வொர்க்’ என்னும் அமைப்பை, இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் அறக்கொடை ஆணையம் 2010இல் சமய அறக்கொடை நிறுவனமாகப் பதிவு செய்தது.