விளிம்பில் நின்ற பூசை

ஒரு நூலேட்டின் அளவேயான தாளில், தாதுப்பொடிகளைப் பிசினில் குழைத்து, அணில் மயிர்த் தூரிகையால் தீட்டப்படும் இந்தியச் சிற்றோவியங்களில், சிவபூசையை மிக அணுக்கமாகக் காட்டுவது பைரவி இராகினி என்னும் படிமமாகும். இராகங்களை ஆடவராகவும், இராகினிகளை அவர்தம் துணைவியராகவும் உருவகித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காட்சியாக எழுதும் ஓவிய வரிசைக்கு இராகமாலை என்று பெயர். அதில் பைரவி, நீர்நிலையின் கரையிலுள்ள சிறு கோயிலில் இலிங்கத்தின் முன் அமர்ந்து, பூச்சாத்தியோ கைத்தாளம் இசைத்தோ வழிபடும் பெண்ணாக வருகிறாள். காசிக்கு அருகிலுள்ள சுனாரில் 1591ஆம் ஆண்டில் உருவான இராகமாலையை எழுதியவர்கள் ஷேக் ஹுசைன், ஷேக் அலி, ஷேக் ஹாதிம் என்னும் இஸ்லாமிய ஓவியர் மூவர் என்பதையும், சிவபூசையின் நுணுக்கம் அவர்களுடைய கைகளுக்கும் பழகியிருந்தது என்பதையும் எண்ணுந்தோறும் வியப்பே மிகுகிறது.

இப்படிமத்தை எழுதும் ஓவியர் கோபுரத்தையும் திருவிழாக் கூட்டத்தையும் விலக்கி, இலிங்கம், மலர், நீர், அடியவர் என்னும் நான்கினாலேயே பூசையை நிறைவாக்கிவிடுகிறார். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலையிலோ அத்தகைய சுருக்கம் வரலாற்றின் கொடுமையால் நேர்ந்தது. ஞானசம்பந்தரால் பாடப்பெற்று, கடலோரக் குன்றின் மீது நின்ற கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1620களில் இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினார். பிற்காலத்தில் பிரெட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அதன் வாயிலில், மீன் வடிவம் பொறித்த கல் இன்றும் காணப்படுகிறது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் குன்றின் மீது அப்பெருங்கோயில் இருக்கவில்லை. ஆயினும் வழிபாடு நிற்கவில்லை. பூசகர் செங்குத்தான பாறையின் விளிம்பில் நின்று, கடலை நோக்கித் தீபம் காட்டி, மலரும் படையலும் அலையில் இட்ட சடங்கை பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தம் நூலில் விரித்துரைக்கிறார். சிற்றோவியத்தில் அமைதியான குளம் இருக்கும் இடத்தில், இங்கே திறந்த கடல் இருந்தது.

கோட்டைக்கு அண்மையில் 1950இல் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் முதலான செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், குன்றடிக் கடலில் மூழ்கித் தேடிய மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும், செதுக்கு வேலைப்பாடுள்ள தூண்களும் கற்களும் அங்கே சிதறிக் கிடக்கக் கண்டனர். பூசகர் தலைமுறை தலைமுறையாகத் தூவிய மலர்கள், பழைய கோயிலின் மீதே விழுந்துகொண்டிருந்தன.