ஊரும் வழியும் – 12: தீவில் ஒரு சும்மா நாள்

அரையாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டால் சங்கரன்கோவிலில் வாடகை வேன் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாலை போட்டவர்கள் சபரிமலைக்கு, சிவப்புச் சேலைக்காரர்கள் மேல்மருவத்தூருக்கு, பாதயாத்திரைக்காரர்களின் சாமான்களை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூருக்கு என்று எல்லா வண்டியும் போய்விடும். மிச்சமிருப்பவை ராமேஸ்வரத்துக்கு. டிசம்பர் கடைசியில் நம்மூர்க் குடும்பம் ஒன்று பெட்டி கட்டுகிறது என்றால் அது கோயிலுக்குத்தான். "எங்க போறிய?" என்று எதிர்வீட்டு ஆச்சி கேட்டால் சொல்ல ஒரு சாமி பேர் வேண்டும். "சும்மா கடலப் பாத்துக்கிட்டு ரெண்டு நாள் இருந்துட்டு வாறோம்" என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் ஏதோ தகராறு என்று தெருவே முடிவு கட்டிவிடும்.

இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. விஷயம் கூலியில் இருக்கிறது. நம்மூர் விசைத்தறியில் ஓட்டிய சேலைக்குத்தான் காசு. தறி நின்றால் வாரக் கடைசியில் கைக்கு வருவது குறையும். மல்லிகைத் தோட்டக்காரருக்கு அதுவும் இல்லை. மொட்டாகப் பறிக்காத பூ செடியிலேயே மலர்ந்து வீணாகும், மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து விலை ஏறியிருக்கும் நேரத்தில் எவரும் ஒரு நாள் பறிப்பை விட மாட்டார்கள். ஆக, லீவு என்பது நட்டம். அந்த நட்டத்தைச் சாமி கணக்கில் எழுதினால்தான் மனசு ஆறும். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே வேலையைப் போட்டுவிட்டுத் தெருவில் நிற்கிறதே, எவராவது கணக்குக் கேட்டதுண்டா?

அதனால்தான் நம்மவர்களின் ராமேஸ்வரப் பயணம் போர்க்களம் மாதிரி நடக்கிறது. ராத்திரி கிளம்பி கழுகுமலை, கோவில்பட்டி, விளாத்திகுளம், சாயல்குடி, கீழக்கரை என்று விடிய விடிய ஓட்டி, இருட்டோடு ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு வரிசையில் நின்று, அக்னி தீர்த்தத்தில் முங்கி, ஈரத்துணியோடு இருபத்திரண்டு தீர்த்தத்துக்கும் ஓடி, இட்லியை விழுங்கி, தனுஷ்கோடியில் பத்து நிமிஷம், கலாம் நினைவிடத்தில் கால் மணி, பாலத்தில் ஒரு செல்ஃபி, திரும்ப வேன். ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் ஒரு தீவு என்பதே பலருக்கு ஞாபகம் வருவதில்லை. பாலத்தில் ஏறி இறங்கும் அந்த இரண்டு நிமிஷம்தான் கடல்.

இதற்கு நேர் எதிர், போன வாரம் நாம் பேசிய, குளிருக்குப் பயந்து ஊர் மாறுகிறவர்கள். கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் பனி கொட்டும் மாதங்களில் கூட்டம் கூட்டமாக மெக்ஸிகோவின் கரீபியன் கரைக்கு இறங்குகிறார்களே, அவர்கள். கான்கூன் என்ற ஊரே 1970களில் அந்த நாட்டு அரசு சுற்றுலாவுக்கென்று திட்டம் போட்டு எழுப்பியதுதான். அதன் எதிரே படகில் இருபது நிமிஷ தூரத்தில் இஸ்லா முஹேரெஸ் தீவு. ஏழு கிலோமீட்டர் நீளம், வாடகைக்கு எடுத்த கோல்ஃப் வண்டியிலேயே சுற்றி முடித்துவிடலாம். வடக்கே ஹோல்போஷ் தீவில் தெருவெல்லாம் மணல். அங்கே போகிறவர்கள் செய்வது என்ன என்றால், ஒன்றுமில்லை. தொங்கும் வலைத் தூளியில் கிடக்கிறார்கள், பசித்தால் மீன் தின்கிறார்கள், மறுபடி கிடக்கிறார்கள். அந்தத் தூளி பயணிகளுக்காக வந்ததல்ல. யுகட்டான் பகுதியில் பல வீடுகளில் கட்டிலே அதுதான். நடுவில் சில நாள் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும். கடல் கலங்கும், சிறு படகுகளை நிறுத்திவிடுவார்கள். அதற்காக எவரும் ஊருக்குத் திரும்பிவிடுவதில்லை.

வடக்கிலிருந்து காற்று, கலங்கிய கடல், மணல் தெரு, மீன், ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைகள். ஹோல்போஷில் இருப்பதில் பாம்பன் தீவில் இல்லாதது சும்மா இருக்கிற ஆள் மட்டும்தான். அந்த ஆளாக இருந்து பார்ப்பது என்று வீட்டில் பேச்செடுத்தேன். மதினி ஒரு நிபந்தனை போட்டார்: "மொத நாள் நான் சொல்லுதபடி. எல்லாத் தீர்த்தமும், எல்லாச் சன்னதியும். ரெண்டாம் நாள் ஒங்க இஷ்டம், தம்பி. கெடங்க." ஒப்பந்தம் முடிந்தது. முதல் நாளைப் பற்றி எழுத வேண்டியதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த நாள்.

இரண்டாம் நாள் விடிந்தது தங்கச்சிமடத்தில், ரோட்டோர லாட்ஜ் ஒன்றில். ஏழு மணி வரை ஒருவரும் எழுப்பவில்லை, அதுவே பெரிய சாதனை. டீ குடிக்கப் போன மதினி அரை மணியாகியும் திரும்பவில்லை. தேடிப் போனால் மல்லிகை நாற்றுப் பண்ணை ஒன்றின் வேலியோரம் நிற்கிறார். வெள்ளை மணலில் வரிசை வரிசையாகப் பதியன் குச்சிகள். பக்கத்தில் வேர்பிடித்த நாற்றுகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி ஈரச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தீவின் நாற்றுதான் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கும் போய்க் குண்டுமல்லித் தோட்டமாகிறது. மதினி பிறந்த வீடு பூ விவசாயம். "இந்த உப்புக்காத்துல, இந்த மணலுல எப்படி வேரு புடிக்கி?" என்று அங்கே நாற்றுக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டார். இங்கே தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே நல்ல தண்ணீர் என்று பதில் வந்தது. அப்புறம் இரண்டு பேரும் பேசிய விலை விவரத்தில் எனக்கு இடமில்லை. பத்து தடவை இந்த ரோட்டில் வேனில் பறந்திருந்தாலும் அந்தப் பண்ணை கண்ணில் பட்டிருக்காது.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமக்குக் காற்று என்றால் மேகாற்றுத்தான். காற்றாலை சுற்றுவதும் குற்றாலத்தில் சாரல் விழுவதும் அதில். வடக்குக் காற்றை நாம் பனியாகத்தான் அறிவோம். தீவில் அதன் பேர் வாடை, அதற்கு ஒரு முழுக் கடலே கணக்கு. பாம்பனில் வடக்குவாடி, தெற்குவாடி என்று இரண்டு பக்கமும் படகுத் துறை உண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடியில் வண்டி ஓட்டுகிற எவரைக் கேட்டாலும் வடக்கே இருப்பது பெண் கடல், சாது என்பார். தெற்கே ஆண் கடல், முரடு என்பார். மார்கழியில் வந்து பார்த்தால் அது தலைகீழ். நாங்கள் நின்ற காலையில் வடக்குவாடியில் சேற்று நிறத்தில் அலை படகுகளைப் போட்டு அறைந்துகொண்டிருந்தது, முகத்தில் உப்புத் தூறல். அங்கிருந்து தெற்குக் கரைக்கு நடந்தால் தண்ணீர் அசைவற்றுக் கிடக்கிறது, அடி மணல் தெரிகிறது, ஓர் ஆள் இடுப்பளவு நீரில் நின்று வலை பிரித்துக்கொண்டிருக்கிறார். சோழகம் என்ற தென்காற்று அடிக்கும் மாதங்களில் இது அப்படியே மாறும். "வாடைக்கு இந்தப் பக்கம், சோழகத்துக்கு அந்தப் பக்கம்ண்ணே" என்றார் அவர். பயணிகளுக்குச் சொல்லும் ஆண் – பெண் கதையை விட இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

குந்துகாலுக்குப் போய் உட்கார்ந்தோம். இலங்கை வழியாகத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கரையேறிய இடம், நினைவில்லம் இருக்கிறது. எதிரே குருசடைத் தீவு. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப்பாறைகள் பிழைத்திருப்பது அதனால் ஓரளவு. வனத்துறை படகில் குருசடைக்குப் போகலாம். நாங்கள் போகவில்லை. போனால் அதுவும் ஒரு வேலையாகிவிடும்.

சும்மா இருப்பது அவ்வளவு லேசான காரியமில்லை. அரை மணிக்கு ஒரு தரம் யாராவது "கிளம்புவமா?" என்றார்கள். எங்கே என்றால் பதில் இல்லை. அண்ணன் ஊருக்குப் போன் போட்டுத் தறிக்காரரிடம் பாவு தீர்ந்ததா என்று விசாரித்தார்; பிறகு விசாரித்ததையே விசாரித்தார். டிரைவர் தம்பி காலையிலேயே வேனைக் கழுவிவிட்டார், பதினோரு மணிக்கு மறுபடி கழுவினார். பிள்ளைகள் மட்டும் எந்தச் சிரமமும் இல்லாமல் மணலில் கிடந்தார்கள்.

மத்தியானம் மீன் சாப்பாடு. சங்கரன்கோவிலுக்குப் பிரியாணி பழக்கம், மீன் ஐஸ் பெட்டியில் வரும் சரக்கு. இங்கே விளமீன் குழம்பும் காரல் ரசமும் இலையில் விழுந்ததும் அண்ணன் தறியை மறந்தார். மதினி மார்கழி என்று தயிர்ச்சோற்றோடு நிறுத்திக்கொண்டார். அப்புறம் ஒரு தூக்கம். ஜன்னலைத் திறந்தால் வாடை, மூடினால் புழுக்கம். பாதி திறந்து வைத்துத் தூங்கினோம். பகல் தூக்கத்தைத் தரித்திரம் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் எல்லோரும் நாலு மணிக்குத்தான் எழுந்தோம்.

பொழுதிருக்கும்போதே தனுஷ்கோடி ரோட்டில் கொஞ்ச தூரம். கோதண்டராமர் கோயிலுக்குப் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில், மழைத்தண்ணீர் தேங்கிய ஆழமில்லாத பரப்பில், தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி தெரிந்தவை பூநாரைகள். உற்றுப் பார்த்தால் இறக்கை விளிம்பில் மட்டும் ரோஜா நிறம். மெக்ஸிகோவில் இருப்பது வேறு இனம், உடம்பெல்லாம் செக்கச்செவேல் என்றிருக்கும். நம்முடையது உயரம் அதிகம், நிறம் மங்கல். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்து, அலகை ஆட்டி ஆட்டிச் சேற்றைச் சலித்து இரையை மட்டும் நிறுத்திக்கொள்கிறது. காலால் சேற்றை மிதித்துக் கிளறுவது வேறு. நாள் முழுக்க இதே வேலை. 2025 ஜூனில் தமிழக அரசு இந்தப் பகுதியில் 524.7 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. நாங்கள் நின்ற நேரத்தில் எங்களைத் தாண்டிப் போன வேன்கள் எதுவும் நிற்கவில்லை. அவற்றுக்கு ரோடு முடியும் அரிச்சல்முனை அவசரம்.

அரிச்சல்முனைக்குப் போகிறவர்கள் வழியில் தனுஷ்கோடியில் பார்ப்பது இடிந்த தேவாலயச் சுவரை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ரயில் நிலையம், தபாலாபீஸ், சுங்க அலுவலகம் என்று ஊரே போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் மூடியது, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. யூடியூபில் இதற்குப் 'பேய் நகரம்' என்று பேர் வைத்துப் பின்னணி இசை போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஓலைக் குடிசை, கருவாடு, சிப்பி மாலை விற்கும் பிள்ளைகள். கடலிலிருந்து சில அடி தள்ளி மணலைக் கையால் தோண்டி, ஊறும் நல்ல தண்ணீரைக் கொட்டாங்கச்சியில் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். பேய்க்கு எதற்குக் குடிதண்ணீர்?

தீவுக்காரர்களுக்கும் சும்மா நாள் உண்டு, நிறையவே உண்டு. விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனிதான் கடலுக்குப் போகும். அதிலும் பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் கடலுக்குப் போக மீன்துறை தரும் டோக்கன் கிடையாது. டோக்கன் கிடைத்துப் போனாலும் எல்லை தாண்டினாய் என்று இலங்கைக் கடற்படை பிடிக்கும் பயம். பிடித்தால் இங்கே வேலைநிறுத்தம், அதுவும் சும்மா நாள். டீக்கடையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த இளைஞர்களைப் பார்த்து அண்ணன், "நல்லாத்தான் லீவு கொண்டாடுதாங்க" என்றார். ஒருவர் திரும்பி, "கூலி இல்லாத லீவு அண்ணே" என்றார். தறி முதலாளியான அண்ணன் அதற்கு மேல் பேசவில்லை. கான்கூன் கரையிலும் தூளியில் கிடப்பவர் ஒருவர், தூளிக்கு இளநீர் கொண்டுவருபவர் வேறொருவர். அவருடைய ஓய்வு நாளை எந்த விளம்பரமும் காட்டுவதில்லை.

மறுநாள் காலை ரோட்டுப் பாலத்தில் வழக்கமான நெரிசல். 1988இல் திறந்த பாலம். நடுவில் வண்டியை நிறுத்தாதே என்று போர்டு இருக்கிறது, போர்டுக்குக் கீழேயே நிறுத்துகிறார்கள். இப்போது எல்லோருடைய கேமராவும் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புது ரயில் பாலத்தின் பக்கம். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு மேலே போகும். பக்கத்தில் 1914இன் பழைய பாலம் ரயில் இல்லாமல் நின்றது.

மண்டபத்தில் டீக்கு நிறுத்தியபோது அண்ணன் கணக்கை முடித்தார். வண்டி வாடகை தனி. டிரைவர் பேட்டா இரண்டு நாளைக்கு. டிரைவர் தம்பி ஒரு நாளைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை நீட்டினார்.

"நேத்து வண்டி பெரிசா ஓடலயே அண்ணாச்சி. சும்மா கெடந்ததுக்கு எப்படி வாங்க?"

"ஒன்ன நாங்கதான கெடக்கச் சொன்னோம். வாங்கு" என்று அண்ணன் சட்டைப்பையில் திணித்தார். தம்பி கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். வாங்கிய காசு அவரை உறுத்தியது போல. உச்சிப்புளி தாண்டியதும் மதினி பக்கம் திரும்பி, "அக்கா, உத்தரகோசமங்கை இந்தா பக்கத்துலதான். டீசல் ஏங் கணக்கு. ஒரு எட்டு சாமியப் பாத்துட்டுப் போயிருவோம்" என்றார்.

மதினி ஏற்கெனவே பையிலிருந்து தேங்காயை எடுத்திருந்தார்.

(அடுத்த வாரம்: உத்தரகோசமங்கையில் சந்தனம் பூசிய நடராஜர்)