டிவிடி வாங்கும் முன் திருப்பிப் பாருங்க!



சந்தையிலும் திருவிழாக் கடையிலும் தரையில் சாக்கு விரித்து சினிமா சிடி, டிவிடி விற்பவர்கள் இப்போது முன்பு போல இல்லை. டவுனில் இருந்த சிடி கடைகள் பலவும் செல்போன் கடைகளாக மாறிவிட்டன. மிச்சம் இருக்கிற சரக்கைப் பத்து, இருபது என்று கட்டாகக் கட்டி மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். "வீட்டில் பிளேயர் சும்மாதானே கிடக்கு" என்று நாமும் வாங்கி வந்துவிடுகிறோம். சமீபத்தில் குழுக் கூட்டங்களுக்குப் போன இடங்களில் இதைப் பற்றிக் கேட்டார்கள். "இதெல்லாம் காசுக்குத் தகுமா மேடம்? எதைப் பார்த்து வாங்கறது?" ஐம்பது, நூறு செலவுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் வாரம் ஐம்பது ரூபாய் சேமிப்பு கட்டவே திணறுகிற உறுப்பினர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அதனால் இதையும் பேசுவோம்.

யார் பார்க்கப் போகிறார்கள்?

படம் வாங்கும்போது "நல்ல படமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். நாங்கள் அதற்கு முன்னால் வேறொன்று கேட்கச் சொல்வோம். இதை நம் வீட்டில் யார் பார்ப்பார்கள், எத்தனை முறை பார்ப்பார்கள்?

ஒரு டிவிடி அறுபது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதுசாக வந்த பெரிய நடிகர் படம். பையன் ஒரு முறை பார்ப்பான், அடுத்த பண்டிகைக்கு டிவியிலேயே போட்டுவிடுவார்கள். ஒரு முறைக்கு அறுபது ரூபாய் ஆகிவிட்டது. அதே அறுபது ரூபாய்க்கு 'திருவிளையாடல்' வாங்கினால்? 1965-ல் வந்த படம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அதைப் போடச் சொல்லி உட்காருகிற மாமியார் வீட்டில் இருந்தால், ஒரு வருஷத்தில் ஒரு முறைக்கு ஒரு ரூபாய் சொச்சம்தான் வருகிறது. சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான். பிடித்த படத்தை இருபது தடவை பார்த்தாலும் அலுக்காது. பெரியவர்களுக்குத்தான் கதை தெரிந்ததும் ஆசை போய்விடுகிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். வீட்டில் படம் ஓடும்போது நாம் எங்கே இருக்கிறோம்? ஒரு கூட்டத்தில், "வீட்டில் கடைசியா வாங்கின படத்தை முழுசா பார்த்தவங்க கை தூக்குங்க" என்றோம். இரண்டு பேர்தான் தூக்கினார்கள். மற்றவர்கள் பாதிப் படத்தை அடுப்படியில் இருந்து காதால் கேட்டவர்கள். டெக் வாடகைக்கு எடுத்த காலத்திலும் இதே கதைதான். ஒரு ராத்திரிக்கு வாடகை, விடிவதற்குள் மூன்று கேசட் பார்த்தாக வேண்டும். சோறாக்கிப் போட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் இரண்டாவது படத்திலேயே தூங்கிவிடுவோம்!

சொந்த டிவிடியில் உள்ள நிஜமான லாபம் இங்கேதான் இருக்கிறது. அது நமக்காகக் காத்திருக்கும். மாடு கத்தினால் ரிமோட்டில் இரண்டு கோடு போட்ட பட்டனை அழுத்திவிட்டுப் போகலாம். ஒரே படத்தை மூன்று ராத்திரியாகப் பிரித்துப் பார்க்கலாம். டிவி சேனல் நமக்காக நிற்காது. ஆகவே வீட்டில் பத்துப் படம் வாங்கினால் அதில் இரண்டாவது நாம் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். இல்லையென்றால் நம் காசில் அடுத்தவர் படம் பார்க்கிறார் என்றுதான் கணக்கு.

தட்டின் அடிப்பக்கம்

சரி, படத்தை முடிவு செய்தாயிற்று. அடுத்து தட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். கம்பெனியில் அச்சடித்து வருகிற சினிமாத் தட்டின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி பளபளக்கும். ஊதாவாகவோ நீலப்பச்சையாகவோ தெரிந்தால் அது வெற்றுத் தட்டு வாங்கி கம்ப்யூட்டரில் பதிவு செய்தது. அநேகமாகத் திருட்டு காப்பிதான். வெயிலும் சூடும் பட்டால் இது சீக்கிரம் கெட்டுவிடும். தகரக் கூரை வீட்டில் டிவி மேலேயே வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

அட்டையையும் படியுங்கள். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவுப்படி, விற்பனைக்கு வரும் பட சிடி, டிவிடியில் அதைத் தயாரித்தவரின் பெயரும் முகவரியும், படத்தின் உரிமையாளர் பெயரும் முகவரியும், உரிமம் பெற்றுத்தான் தயாரித்தோம் என்ற உறுதிமொழியும், தணிக்கைச் சான்றிதழின் நகலும் இருக்க வேண்டும். நடிகர் படம் மட்டும் பெரிசாக இருந்து, கம்பெனி பேரே இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். "ஒரிஜினல் விலை கட்டுப்படியாகாதே" என்பார்கள். 2007-ல் மோசர் பேர் கம்பெனி ஒரிஜினல் சிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோதே அந்தப் பேச்சு போய்விட்டது. அந்தக் கம்பெனி இப்போது இல்லை, 2018-ல் அதைக் கலைத்துவிட உத்தரவாகிவிட்டது. ஆனால் அதன் தட்டுகள் பழைய சரக்கில் இன்னும் கிடைக்கின்றன.

தணிக்கைச் சான்றிதழில் 'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். 'ஏ' என்றால் 18 வயது ஆனவர்களுக்கு மட்டும். நடுவில் உள்ள 'யுஏ' என்பது பெற்றோர் பார்த்துச் சொல்லிப் பிள்ளைகள் பார்க்க வேண்டிய படம். 2023-ல் சட்டத்தைத் திருத்தி, இந்த யுஏ-வை 7 வயதுக்கு மேல், 13-க்கு மேல், 16-க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்தார்கள். பழைய டிவிடியில் இந்தப் பிரிவு இருக்காது, வெறும் யுஏ என்றுதான் போட்டிருக்கும். அதனால் நாம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் போடுவது நல்லது. ஒன்று நினைவிருக்கட்டும். இந்தச் சான்றிதழ் வயதைத்தான் சொல்கிறது, படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

"ஒரே தட்டில் அஞ்சு படம்"

இந்த ஆசையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். சாதாரண டிவிடி ஒன்றில் 4.7 ஜிபி இடம்தான் உண்டு. ஒரு படத்தை அதில் தாராளமாக வைத்தால் படம் தெளிவாக இருக்கும். ஐந்து படத்தைத் திணித்தால் ஒன்றுக்கு ஒரு ஜிபி கூட வராது. ஒரு லிட்டர் பாலை ஐந்து லிட்டர் ஆக்கினால் டீ எப்படி இருக்குமோ அப்படித்தான். ஆள் வேகமாக நகர்ந்தால் கட்டம் கட்டமாக உடையும். அதுவும் தியேட்டரில் கேமரா வைத்துத் திருட்டுத்தனமாக எடுத்ததாக இருந்தால், முன் சீட்டுக்காரர் தலையையும் சேர்த்துப் பார்க்கலாம்.

சிடி விஷயம் வேறு. டிவிடி வருவதற்கு முன் வந்தது சிடி. அதன் படம் குறுக்கே 352 புள்ளி, நெடுக்கே 288 வரி. டிவிடியில் இது 720-ம் 576-ம். தமிழக அரசு 2006 முதல் இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவியில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. 32 அங்குல எல்இடி டிவியில் சிடி போட்டால் மங்கலாகத்தான் தெரியும், தட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சிடியில் இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு சிடியில் அதிகபட்சம் 80 நிமிடம்தான் பிடிக்கும். மூன்று மணி நேரப் படம் இரண்டு சிடியில் வந்தால் பாட்டையோ காட்சியையோ வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கருப்பு வெள்ளைப் படங்களும் பழைய கலர் படங்களும் வாங்கும்போது எந்தப் பிரதியில் இருந்து எடுத்தது என்பது முக்கியம். 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தை கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து 2012-ல் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்து நன்றாக ஓடியது. அப்படிச் சுத்தம் செய்யாத பழைய படத்தில் கோடும் இரைச்சலும் இருக்கும். கடையில் பிளேயர் இருந்தால் நடுவில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், புடவையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவோமா?

கடன் கேட்டு வந்தபோது

ஒரு குழுவில் உறுப்பினர் ஒருவர் மகனுக்கு செல்போன் கடை வைக்கக் கடன் கேட்டார். ரீசார்ஜ், சர்வீஸ், அதோடு மெமரி கார்டிலும் பென்டிரைவிலும் புதுப்படம் ஏற்றித் தருவது. "அதில்தான் தினமும் காசு வரும்" என்று வெளிப்படையாகவே சொன்னார். குழு ஊக்குநர் எங்களைக் கூப்பிட்டார்.

நாங்கள் சட்டத்தில் உள்ளதைச் சொன்னோம். உரிமை இல்லாத படத்தைத் தெரிந்தே காப்பி போட்டு விற்றால் காப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். தமிழ்நாட்டில் 2004-ல் வீடியோ திருட்டையும் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள். அதில் ஒருவரை ஒரு வருஷம் வரை காவலில் வைக்கலாம். அந்த அம்மாவுக்குக் கோபம். "ஊர் முழுக்கச் செய்யறாங்க, எம் புள்ளைக்கு மட்டும்தான் சட்டமா?" என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் போலீஸ் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனால் தவணை யார் கட்டுவது? மற்ற உறுப்பினர்களின் சேமிப்பும் அந்தக் கடனில் இருக்கிறதே. இரண்டு கூட்டம் பேசினார்கள். கடைசியில் சர்வீஸ் கருவிகளுக்கும் பயிற்சிக்கும் மட்டும் கடன் என்று தீர்மான நோட்டில் எழுதினார்கள். கேட்டதில் பாதித் தொகைதான். அந்த அம்மா கையெழுத்துப் போட்டார், ஆனால் அன்றைக்கு யாரிடமும் பேசாமல் போனார்.

போன்லயே பார்க்கலாமே?

பார்க்கலாம். பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றை உரிமை உள்ள கம்பெனிகளே யூடியூபில் போட்டிருக்கின்றன. அப்படி இருக்கிற படத்தை டிவிடியாக வாங்கும் முன் ஒரு தடவை யோசியுங்கள். மாதச் சந்தா கட்டிப் பார்க்கிற ஓடிடியும் இருக்கிறது. 'ஜெய் பீம்' 2021-ல் தியேட்டருக்கு வராமல் நேராக அதில்தான் வந்தது. ஆனால் சந்தா கட்டுகிறவரை படம் நமக்குச் சொந்தமில்லை. கட்டுவதை நிறுத்தினால் நின்றுவிடும். ஒப்பந்தம் முடிந்தால் படத்தையே எடுத்துவிடுவார்கள். நெட்டும் செலவுதான். இரண்டரை மணி நேரப் படத்தைத் தெளிவான அளவில் பார்த்தால் ஒரு நாள் டேட்டா பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் ராத்திரி பிள்ளைக்குப் படிக்க நெட் இருக்காது. டவர் கிடைக்காத மலையோர ஊர்களில் இன்றைக்கும் டிவிடிதான் வசதி.

ஆனால் வீட்டில் பிளேயர் இல்லாமல், தட்டு மலிவு என்பதற்காகப் புதிதாகப் பிளேயர் வாங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இருக்கிற பிளேயருக்கும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் செருகும் இடம் புது டிவியில் உண்டா என்று முதலில் பாருங்கள். சில டிவியில் ஒரே ஓட்டைதான் இருக்கும், அதற்குத் தனி வயர் வேண்டும்.

குழுக்கள் சேர்ந்து வாங்குவதானால்

சில குழுக்கள் சேர்ந்து சில படங்களை வாங்கி, உறுப்பினர் வீடுகளுக்குச் சுற்றுக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் இந்தத் தட்டுகள் வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான். மண்டபத்தில் ஊரைக் கூட்டிப் போடுவதானாலும் டிக்கெட் வசூலிப்பதானாலும் உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

எதை வாங்கலாம் என்றால் எங்கள் முதல் ஓட்டு பாலுமகேந்திராவின் 'வீடு' படத்துக்கு. 1988-ல் வந்தது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் கடன் வாங்கி, நகையை விற்று, சின்னதாக ஒரு வீடு கட்டப் புறப்படுகிற பெண்ணின் கதை. கான்ட்ராக்டர் ஏமாற்றுவதும், கட்டிட வேலை செய்கிற பெண் ஒருத்தி அதைத் தட்டிக் கேட்பதும் நம் ஊரில் நடப்பது மாதிரியே இருக்கும். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. பாட்டே கிடையாது, பிள்ளைகள் போர் என்பார்கள். பரவாயில்லை, வீட்டுக்கடன் கேட்க நினைக்கிற ஒவ்வொருவரும் ஒரு முறை பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லாத கிராமத்தைக் காட்டுகிற 'தண்ணீர் தண்ணீர்' (1981), மாடியில் காய்கறி போடுவதைக் கதையில் வைத்த '36 வயதினிலே' (2015) இரண்டையும் கேட்டுப் பாருங்கள். டிவிடி கிடைக்காவிட்டால் காப்பி போட்டுத் தரச் சொல்லாதீர்கள், டிவியில் போடுகிற அன்றைக்குச் சொல்லி அனுப்புகிறோம்.

சுற்றுக்கு விடுகிற தட்டு பல கை மாறும். ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். தூசி இருந்தால் மெல்லிய துணியால் நடுவில் இருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும். மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுத வேண்டாம், உறையில் எழுதுங்கள். கூட்டமைப்பு அலுவலகத்தில் பிளேயர் ஒன்று வேலை செய்கிறது. வீட்டில் ஓடாமல் கிடக்கிற தட்டுகள் இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள், தட்டில் கோளாறா பிளேயரில் கோளாறா என்று போட்டுப் பார்த்துவிடலாம்.