தெரிந்துகொண்டால் திருந்திவிடுவோமா? சுற்றாடல் கல்வி ஆய்வு பற்றிச் சில குறிப்புகள்

ஐரோப்பிய நகரங்களில் வந்து குடியேறிய எவருக்கும் குப்பை பற்றிய துண்டுப்பிரசுரம் புதிதல்ல. எந்தப் பையில் எதைப் போடவேண்டும், வெறும் போத்தல்களை எங்கே கொண்டுபோய்ப் போடவேண்டும், பழைய கடதாசியை எந்த நாளில் வாசலில் வைக்கவேண்டும் என்றெல்லாம் படம் போட்டு விளக்கும் தாள் அது. சில இடங்களில் தமிழிலும் கிடைக்கிறது. அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மக்களுக்குத் தெரியாது, அதனால் செய்வதில்லை. தெரியப்படுத்திவிட்டால் செய்வார்கள் என்பதே அது. பாடசாலைப் பாடநூல்களும் அரசுகளின் விளம்பரங்களும், ஏன், நமது இயக்கங்களும் சங்கங்களும் நடத்திய 'விழிப்புணர்வு'க் கூட்டங்களும் இதே நம்பிக்கையில்தான் நடந்தன.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு சிறிய ஆய்வுலகம் உண்டு. அதில் இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் சொந்த வீடு கிடையாது. ஒருவர் கல்வியியலில் இருப்பார், இன்னொருவர் உளவியலில், மற்றவர் வனவியலில். அந்த உலகத்தைப் புரிந்துகொள்ள வில்லியம் ஸ்ராப் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் தொழில் வாழ்க்கையைப் பின்தொடர்வது ஒரு நல்ல வழி.

ஸ்ராப் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இயற்கை வளத் துறையில் கற்பித்தவர். 1969 இல், சுற்றாடல் கல்விக்கென ஒரு ஆய்விதழ் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் இதழில் அவரும் மாணவர்களும் சேர்ந்து ஒரு வரைவிலக்கணத்தை எழுதினார்கள். சுற்றாடலையும் அதன் பிரச்சினைகளையும் அறிந்த, அவற்றைத் தீர்க்கும் வழிகளைத் தெரிந்த, தீர்க்கவேண்டும் என்ற உந்துதல் கொண்ட குடிமக்களை உருவாக்குவதே இக்கல்வியின் நோக்கம் என்பது அதன் சாரம். அதுவரை பாடசாலைகளில் இருந்தது இயற்கைப் பாடமும் வளப் பாதுகாப்புப் பாடமும்தான்: பறவையை இனங்காண்பது, மண்ணரிப்பைத் தடுப்பது. ஸ்ராப் அதற்குள் குடிமக்களைக் கொண்டுவந்தார். எழுபதுகளின் நடுப்பகுதியில் பாரிஸில் யுனெஸ்கோவின் சுற்றாடல் கல்வி வேலைத்திட்டத்துக்கு முதற் பொறுப்பாளராக இருந்தார். 1975 இல் பெல்கிறேட்டில் நடந்த பட்டறையும், 1977 இல் அப்போதைய சோவியத் ஜோர்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் அரசுகள் கூடிய மாநாடும் அந்த வேலைத்திட்டத்தின் விளைவுகள். விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு என்று திபிலீசியில் வகுக்கப்பட்ட ஐந்தையும் இன்றும் எந்த நாட்டுப் பாடத்திட்டத்திலும் காணலாம்.

இந்த ஐந்தும் படிக்கட்டு மாதிரி ஒன்றிலிருந்து மற்றதற்கு ஏறிவிடும் என்றுதான் பலரும் எண்ணினார்கள். ஆய்வுகள் வேறு கதை சொல்லின. 1972 இல் பிக்மன் என்ற உளவியலாளர் ஐந்நூறு பேரிடம் கேட்டார்: வழியில் கிடக்கும் குப்பையை எடுப்பது யாருடைய பொறுப்பு? 94 வீதமானோர் தங்களுடைய பொறுப்பும்தான் என்றார்கள். அவர்கள் போகும் வழியிலே ஆய்வாளர் வேண்டுமென்றே போட்டு வைத்திருந்த குப்பையை எடுத்தவர்கள் 2 வீதம். 1981 இல் ஸ்கொட் கெல்லர் என்பவர் வேர்ஜீனியாவில் நடந்த சக்திச் சேமிப்புப் பட்டறைகளை ஆராய்ந்தார். பட்டறை முடிவில் எல்லோருக்கும் அறிவும் அக்கறையும் கூடியிருந்தன. பிறகு நாற்பது பேரின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால், வெந்நீர்க் கொதிகலனின் சூட்டைக் குறைத்து வைத்தவர் ஒரே ஒருவர். தண்ணீரை மிச்சப்படுத்தும் குளியல் குழாய்முனையைப் பட்டறையிலேயே இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். அதைப் பூட்டியவர்கள் எட்டுப் பேர். மிச்சம் முப்பத்திரண்டும் ஏதோ ஒரு லாச்சிக்குள் கிடந்திருக்கும்.

1987 இல் ஹைன்ஸ், ஹங்கர்போர்ட், ரொமேரா ஆகிய மூவரும் 128 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து அளந்தார்கள். சுழியம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுத் தொடர்பு என்ற அளவுகோலில், அறிவுக்கும் நடத்தைக்கும் இடையிலான தொடர்பு ஏறத்தாழ 0.30. மனப்பாங்குக்கு அதைவிடச் சிறிது அதிகம். 'நான் செய்தால் ஏதாவது மாறும்' என்ற நம்பிக்கைக்கு இன்னும் சிறிது அதிகம். 'செய்வேன்' என்று வாய்விட்டுச் சொன்னவர்களிடம் அது 0.49. அறிவு பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அறிவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆசிரியர் வேலையின் சிறிய பகுதியைத்தான் செய்திருக்கிறார்.

அப்படியானால் மனிதரை எது செய்யவைக்கிறது? காசு என்பது உடனடியான பதில். சூரிச் நகரில் 1993 முதல் குப்பைப் பைக்குக் கட்டணம் வந்தபோது மக்கள் தரம்பிரிக்கப் பழகியதை அங்குள்ள நம்மவர்கள் அறிவார்கள். ஆனால் மிச்சிகனிலேயே பணியாற்றிய றேமன்ட் டி யங் என்ற ஆய்வாளர், வெகுமதி நின்றதும் வழக்கமும் நின்றுபோகும் ஆபத்தைச் சுட்டிக்காட்டினார். 1993 இல் அவர் எழுதிய கட்டுரையின் கேள்வியே, மாறிய நடத்தை எவ்வளவு காலம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுதான். அதற்கு முன்னர், 1986 இல், பழைய பொருட்களை மீள்சுழற்சிக்குக் கொடுப்பவர்களிடம் அவர் இன்னொன்றைக் கண்டிருந்தார். சிக்கனமாக இருப்பதிலும், ஒரு காரியத்தில் பங்குகொள்வதிலும் அவர்கள் ஒரு திருப்தியை அனுபவித்தார்கள். ஐஸ்கிறீம் பெட்டியைக் கழுவி மிளகாய்த்தூள் போட்டு வைக்கும் அம்மாக்களுடன் வளர்ந்த நமக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றாது. ஆனால் அந்தச் சிக்கனத்தை வறுமையின் அடையாளமாக எண்ணி வெட்கப்படவும் இங்கே வந்த பிறகு பழகிக்கொண்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இங்கேதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமான விவாதம் தொடங்குகிறது. நடத்தையை மாற்றும் உத்திகள் கைவந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். எந்த நடத்தை சரியானது என்று யார் தீர்மானிப்பது? 1992 இல் கனடாவின் யூக்கோன் பகுதியைச் சேர்ந்த பொப் ஜிக்லிங், தன் பிள்ளைகள் நிலைபேறான அபிவிருத்திக்காகக் கற்பிக்கப்படுவதைத் தான் விரும்பவில்லை என்று எழுதினார். அவர் சுற்றாடலின் எதிரி அல்ல. ஒரு முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு அதை நோக்கிப் பிள்ளையைத் தள்ளுவது பயிற்சி. அந்த முடிவையே கேள்வி கேட்க விடுவதுதான் கல்வி என்பது அவருடைய வாதம். அடுத்த ஆண்டு றொபொட்டம், ஹார்ட் என்ற இருவரும் இன்னும் கடுமையாகவே கேட்டார்கள்: தனிமனிதரின் பழக்கத்தை மட்டும் அளக்கும் ஆய்வு, தொழிற்சாலையையும் அரசையும் பார்வையிலிருந்து மறைத்துவிடவில்லையா?

'மக்களை அறிவூட்டுவது' என்ற பெயரில் எங்களுக்கு என்னென்ன ஊட்டப்பட்டன என்பது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே ஜிக்லிங்கின் பக்கம் மனம் சாய்வது இயல்பு. ஆயினும் காற்றும் தண்ணீரும் கெட்டுக்கொண்டிருக்கையில் 'சிந்திக்கக் கற்பித்தால் போதும்' என்று கைகழுவுவதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஸ்ராப் இந்த விவாதத்துக்குக் கட்டுரையால் பதில் சொன்னாரோ இல்லையோ, அவருடைய பிற்கால வேலை ஒரு பதிலாக அமைந்தது. 1984 இல் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில், ஹியூரோன் ஆற்றில் பாய் கட்டிய பலகையில் சறுக்கி விளையாடிய உயர்பள்ளி மாணவர் சிலருக்கு ஈரலழற்சி, நமது பேச்சில் செங்கண்மாரி, பிடித்தது. ஆறுதான் காரணமா என்று அறிய மாணவர்கள் விரும்பினார்கள். ஸ்ராப்பும் பல்கலைக்கழகத்தினரும் துணைநிற்க, அவர்களே தண்ணீரைச் சோதித்தார்கள். மலக்கழிவைக் காட்டும் கொலிபோம் பக்றீரியா மிகுதியாக இருந்தது. வழி தேடிப் போனால் பழுதடைந்த மழைநீர் வடிகால்கள். இங்கே பிரச்சினை வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதல்ல. என்ன செய்யவேண்டும் என்பதும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டதல்ல. நகரசபையிடம் போவதும் பாடத்தின் பகுதியானது. பின்னர் டெற்றோயிட்டின் தொழிற்சாலைகளுக்கிடையே ஓடும் ரூஜ் ஆற்றுக்கு இம்முறை போயிற்று. 1989 இல் அது 'கிறீன்' என்ற பன்னாட்டு ஆற்று வலையமைப்பாகியது. 2001 இல் ஸ்ராப் காலமானார்.

அவரும் மார்க் மிச்சலும் எழுதிய களக் கைநூலில் ஒன்பது சோதனைகள் உண்டு: கரைந்த ஒட்சிசன், மலக் கொலிபோம், அமில காரத் தன்மை, உயிரியல் ஒட்சிசன் தேவை, வெப்பநிலை, பொசுபேற்று, நைத்திரேற்று, கலங்கல், மொத்தத் திண்மம். சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் 2014, 2015 இல் வெடித்தபோது, தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்பதற்கு ஆளுக்கொரு பதில் கிடைத்தது. 2019 இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி மின் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அந்த எண்ணெய்யை இந்த ஒன்பதில் எதுவும் காட்டியிராது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். ஆனால் குடாநாட்டுச் சுண்ணக்கல் நிலத்தடி நீரின் பழைய நோயான நைத்திரேற்றை, உரத்திலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் கிணற்றுக்கு வரும் நிறமும் மணமும் இல்லாத அந்தப் பொருளை, ஏழாவது சோதனை காட்டும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. நிறம் மாறும் ஒரு சிறு குப்பியும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிற அட்டையும் இருந்தால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தன் வீட்டுக் கிணற்றடியிலேயே நின்று அதைச் செய்துவிடலாம்.