கார் கண்ணாடி ஓரம் தண்ணி ஒழுகுதா? ரப்பர் பீடிங் மாட்ட என்னென்ன டூல்ஸ் தேவை? எங்கே கிடைக்கும்?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலம் வந்தாலே ஒரு தலைவலி சேர்ந்து வரும். முன்பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும். டேஷ்போர்டு நனையும், கால்மிதி ஊறிப் போகும், ரெண்டே நாளில் காருக்குள் ஒரு வாடை வந்துவிடும்.

உடனே பலரும் செய்வது, ஒரு டியூப் சிலிக்கான் வாங்கி ஓரம் முழுக்க அப்பிவிடுவதுதான். அப்போதைக்கு ஒழுகல் நின்ற மாதிரி தெரியும். ஆனால் அடியில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, கண்ணாடியைத் தாங்கும் தகர விளிம்பைத் துருப்பிடிக்க வைக்கும். விளிம்பு அரித்துப் போனால் டிங்கரிங், பெயின்ட் என்று செலவு எங்கேயோ போய்விடும்.

உண்மையில் மாற்ற வேண்டியது கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங். அதாவது கேஸ்கெட். அதை மாட்டத் தேவையான டூல்ஸும் பெரிய விஷயம் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

உங்க வண்டி எந்த ரகம்?

கண்ணாடி பொருத்துவதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, தடிமனான ரப்பர் பீடிங்குக்குள் கண்ணாடியைச் செருகி, அந்த பீடிங்கை வண்டியின் தகர விளிம்பில் கவ்வ வைப்பது. அம்பாசிடர், பத்மினி, மாருதி 800, ஆம்னி போன்ற பழைய வண்டிகள், ஆட்டோ, பல லாரி, பஸ்களில் இந்த முறைதான்.

இரண்டாவது, யூரித்தேன் என்ற பசையால் கண்ணாடியை நேரடியாக பாடியோடு ஒட்டிவிடுவது. இன்றைய கார்களில் பெரும்பாலானவை இந்த ரகம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் தடித்த ரப்பர் உதடு மாதிரி கண்ணாடியைக் கவ்வி இருந்தால் அது பீடிங் ரகம். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி உள்பக்கம் கறுப்புப் பட்டை இருந்து, வெளியே மெல்லிய ரப்பர் ஓரம் மட்டும் தெரிந்தால் ஒட்டிய ரகம்.

ஒட்டிய கண்ணாடியில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அந்தக் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. பல கார்களில் முன்சீட் பயணியின் ஏர்பேக் விரியும்போது கண்ணாடியில் பட்டுத்தான் நிற்கும். பசை சரியாகப் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியே தெறித்து வெளியே போய்விடும். அது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. பீடிங் ரகம் என்றால் மேலே படியுங்கள்.

என்னென்ன டூல்ஸ் வேணும்?

கயிறு: இதுதான் முக்கியமான டூல். 4 அல்லது 5 மி.மீ. தடிமனுள்ள வழவழப்பான நைலான் கயிறு. கண்ணாடியின் சுற்றளவைவிட 2, 3 அடி கூடுதலாக இருக்கட்டும்.

மழுங்கிய கொக்கி: ரப்பர் உதட்டை நெம்பித் தூக்க. முனை கூர்மையாக இருக்கக் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் நெம்புகோல் இருந்தாலும் போதும்.

லாக்கிங் ஸ்ட்ரிப் டூல்: சில பீடிங்குகளின் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அதில் தனியாக ஒரு மெல்லிய ரப்பர் பட்டையைச் செருகினால்தான் பீடிங் இறுகும். ஸ்க்ரூடிரைவர் மாதிரி கைப்பிடி, நுனியில் டைமண்ட் வடிவக் கம்பி வளையம், சிலவற்றில் பின்னால் ஒரு சின்ன உருளை. இதுதான் அந்த டூல். வளையம் பள்ளத்தை விரித்துக்கொண்டே போக, வளையத்துக்குள் கோத்த பட்டை பின்னாலேயே உள்ளே இறங்கும். இது இல்லாமல் விரலால் அழுத்தி மாட்டுவது பெரும்பாடு.

இவை தவிர சோப்புத் தண்ணீர், கையுறை, கண்ணாடியைத் தூக்க சக்ஷன் கப். உதவிக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

எங்கே கிடைக்கும்?

சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை கடைகளில் விசாரிக்கலாம். பஸ், லாரிகளுக்கு பாடி கட்டும் கரூர், நாமக்கல் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள பட்டறைகளில் கேட்கலாம். ஆன்லைனில் தேடும்போது 'விண்ட்ஷீல்டு டூல்' என்று மட்டும் போட்டால் ஒட்டிய கண்ணாடியை அறுக்கும் கத்தி, கம்பிகளே அதிகம் வரும். 'லாக்கிங் ஸ்ட்ரிப் டூல்' என்று குறிப்பிட்டுத் தேடுங்கள். வளையம் சில டூல்களில் பெரிதாகவும் சிலவற்றில் சிறிதாகவும் இருக்கும். உங்கள் பட்டையின் அகலத்தை அளந்துவிட்டு வாங்குவது நல்லது.

பீடிங் வாங்கும்போது வண்டியின் மாடல், வருடம் சொல்லி வாங்குங்கள். பழைய பீடிங்கில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போனால் இன்னும் நல்லது.

மாட்டுவது எப்படி?

1. வைப்பரைக் கழற்றுங்கள். பழைய பீடிங் கெட்டித்துப் போயிருந்தால் கண்ணாடி மேல் கவிந்திருக்கும் வெளிப்புற உதட்டைக் கத்தியால் அறுத்துவிட்டு, கண்ணாடியை வெளிப்பக்கமாக எடுங்கள்.

2. தகர விளிம்பைச் சுத்தம் செய்யுங்கள். துரு இருந்தால் தேய்த்து எடுத்து, ப்ரைமரும் பெயின்ட்டும் அடித்துக் காயவிடுங்கள். இதைத் தவிர்த்தால் புது பீடிங் போட்டும் பிரயோஜனம் இல்லை.

3. பீடிங்கைக் கொஞ்ச நேரம் வெயிலில் போடுங்கள், இளகும். பிறகு போர்வை விரித்த மேசையில் கண்ணாடியை வைத்து, சுற்றிலும் பீடிங்கை மாட்டுங்கள்.

4. தகர விளிம்பு உட்காரும் வெளிப்பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி வையுங்கள். இரு நுனிகளும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, உள்பக்கம் தொங்க வேண்டும்.

5. பள்ளத்திலும் விளிம்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியை வெளியில் இருந்து நடுவாகப் பொருத்துங்கள். காருக்குள் இருப்பவர் கயிற்றை மெல்ல இழுக்க, ரப்பர் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து கவ்வும். அதே இடத்தில் வெளியே இருப்பவர் உள்ளங்கையால் அழுத்த வேண்டும். முதலில் கீழ்ப்பக்கம், அடுத்து இரு ஓரங்கள், கடைசியில் மேல்பக்கம்.

6. கடைசியாக லாக்கிங் பட்டை. இதை இழுத்து நீட்டி மாட்டாதீர்கள். நாளடைவில் சுருங்கி, இணைப்பில் இடைவெளி விழும். அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, நெருக்கித் தள்ளுங்கள்.

முடிந்ததும் ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கீழிருந்து மேலாகப் போனால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

இதெல்லாம் வேண்டாம்!

ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். கண்ணாடிக்கு விளிம்புதான் பலவீனம். அங்கே சின்னதாகச் சில்லு தெறித்தாலும் அதில் இருந்து விரிசல் ஓடும். இன்ஜின் ஆயில், கிரீஸ், பெட்ரோல் தடவ வேண்டாம். ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். கண்ணாடியே மாற்றுகிறீர்கள் என்றால், நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடிதானா என்று பார்த்து வாங்குங்கள். முன்பக்கத்துக்கு அதுதான் இருக்க வேண்டும் என்கின்றன 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்து, விபத்தில் கண்ணாடி உடைந்திருந்தால் கிளைம் செய்யலாம். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகையைக் கழித்துவிடுவார்கள். வயதாகித் தேய்ந்துபோன பீடிங்குக்கு கிளைம் செய்ய முடியாது. சின்னச் செலவுக்கு கிளைம் போட்டு நோ கிளைம் போனஸை இழக்க வேண்டுமா என்பதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.