ரசம் எரிந்தால் ரத்தத்தையும் பாருங்கள்

முதலில் ரசம் எரியும். பிறகு குழம்பு, ஊறுகாய் எல்லாமே எரியும். போகப் போகக் கொட்டாவி விடக்கூட வாய் சரியாகத் திறக்காது. பாக்கு, பான் மசாலா, மாவா என்று வருஷக்கணக்கில் மெல்கிறவர்களைப் பிடிக்கும் இந்த வாய் இறுக்க நோயை ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்பார்கள் மருத்துவர்கள். கென்யாவில் குடியிருந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு ஷ்வார்ட்ஸ் பதிவு செய்தது 1952-ல்.

இந்த நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தால் பலருக்கும் ஹீமோகுளோபின் குறைவு, சீரம் அயர்ன் குறைவு. இரும்பை ஏற்றிக்கொள்ள ரத்தத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டி.ஐ.பி.சி. மட்டும் ஏறியிருக்கும். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். கூடியிருப்பதும் உண்டு.

இரும்பு எங்கே போனது? பாதிப் பதில் சாப்பாட்டுத் தட்டில். காரம் பட்டாலே துடித்துப்போகிறவர் கீரைக் குழம்பையும் மீனையும் ஒதுக்கிவிட்டு, தயிர்சாதத்திலும் கஞ்சியிலும் காலம் தள்ளுவார். மீதி கன்னத்துக்குள். பாக்கிலுள்ள அரிகோலின், கொலாஜன் நாரை உண்டாக்கும் செல்களைத் தூண்டுகிறது. பாக்கிலுள்ள செம்பு, அந்த நார்களைப் பிணைத்து இறுக்கும் நொதியை முடுக்குகிறது. கொலாஜன் உருவாக இரும்பும் வேண்டும். அங்கேயும் இரும்பு செலவாகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சோகையால் வாயின் உட்தோல் மெலிந்தால், பாக்கின் கெடுதல் இன்னும் சுலபமாக உள்ளே இறங்கும். எது முந்தியது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

என் ஆதங்கம் இங்கேதான். சோகை என்றதும், அதுவும் பெண்கள் என்றால், மாதவிடாய் பற்றிக் கேட்டுவிட்டு இரும்பு மாத்திரை எழுதிவிடுகிறார்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. அரை நிமிஷ வேலை அது. நல்ல வாய்க்குள் அவரவர் விரல் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக நுழையும். இரண்டோடு நின்றால் சந்தேகப்பட வேண்டும். கன்னத்தின் உட்புறம் வெளிறியிருக்கும்; தடவினால் கயிறு மாதிரி நார் தட்டுப்படும். “பாக்கு போடுவீங்களாம்மா?” என்று கேட்டால், “புகையிலை கிடையாது சார், வெறும் பாக்குதான்” என்பார்கள். புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுப்பிலேயே சொல்லிவிட்டது.

குறைந்த சத்துகளை ஈடுகட்டினால் எரிச்சல் தணியலாம், சாப்பாடு இறங்கும். இறுகிய நார் அதனால் இளகாது. பாக்கை அடியோடு விட்டால்தான் மேற்கொண்டு இறுகுவது மட்டுப்படும். எர்ணாகுளம் மாவட்டத்தில் 66 நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் 5 பேருக்கு வாய்ப் புற்று வந்தது. ரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால், ஹீமோகுளோபின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பல் மருத்துவரிடம் போய்த் திசுப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டுவிட வேண்டும்.