2 நாள்ல ஃபுல் செட்டில்மென்ட்டா? சட்டத்தை நீங்களே ஃப்ரீயா தேடிப் படிக்கிறது எப்படி?



"வேலையை விட்டா 2 நாள்ல மொத்த செட்டில்மென்ட்டும் தந்தாகணும், புது சட்டம் வந்தாச்சு." இந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். ஹெச்.ஆர்.கிட்ட கேட்டா, "45 நாள் ஆகும், கம்பெனி பாலிசி"ன்னு பதில் வரும். யார் சொல்றது சரி? ரெண்டு பேரையும் நம்ப வேண்டாம். சட்டத்தையே எடுத்துப் பார்த்துடலாம்.

எங்கே கிடைக்கும்?

மத்திய அரசோட 'இந்தியா கோட்' இணையதளத்துல மத்திய, மாநிலச் சட்டங்கள் இலவசமா இருக்கு. தீர்ப்புகளுக்கு 'இந்தியன் கானூன்' தளத்துல தேடலாம்.

புத்தகமா பார்க்கணும்னா, சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்க. யார் வேணும்னாலும் உள்ளே உட்கார்ந்து படிக்கலாம். அங்கே 'பேர் ஆக்ட்' கேளுங்க. விளக்கவுரை இல்லாம சட்டத்தை மட்டும் அச்சடிச்ச புத்தகம் அது. அச்சான வருஷத்தைப் பார்க்க மறக்காதீங்க. பழைய பதிப்புல பழைய சட்டம்தான் இருக்கும்.

நூலகர் எந்தப் புத்தகம், எந்தப் பகுதின்னு எடுத்துக் காட்டுவார். "கேஸ் போட்டா ஜெயிப்பேனா?"ன்னு அவர்கிட்ட கேட்கக் கூடாது. அது வக்கீல் வேலை.

எப்படிப் படிக்கிறது?

நம்ம கேள்விக்கான சட்டம், 2019-ம் வருஷ ஊதியச் சட்டத் தொகுப்பு. இங்கிலீஷ்ல 'கோட் ஆன் வேஜஸ்'.

1. முதல்ல பிரிவு 1. சட்டம் எப்போ அமலுக்கு வரும்னு இங்கே இருக்கும். இது 2019-லயே பாஸ் ஆச்சு. ஆனா சம்பளம் பத்தின பிரிவுகள் அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21-ல்தான். பாஸ் ஆகிறது வேற, அமலுக்கு வர்றது வேற.

2. அடுத்து நம்ம பிரிவு. பிரிவு 17(2): ராஜினாமா பண்ணாலும், கம்பெனி நீக்கினாலும், 2 வேலை நாளுக்குள்ள 'வேஜஸ்' தரணும். ஃபார்வர்டு பாதி சரி!

3. பக்கத்துலயே இருக்கிற விதிவிலக்கு. 17(3)-ன்படி அரசு வேற கால வரம்பு வைக்கலாம். அதனால உங்க மாநில விதிகளையும் ஒரு தடவை பாருங்க.

4. வரையறை. 'வேஜஸ்'னா என்னன்னு பிரிவு 2-ல இருக்கு. கிராஜுவிட்டி அதுல சேராது. அதுக்கு 2020-ம் வருஷ சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புல 30 நாள் டைம். 'மொத்த செட்டில்மென்ட்டும் 2 நாள்ல'ங்கிறது இங்கேதான் அடிபடுது.

5. தரலைன்னா என்ன? பிரிவு 45-ன்படி, அதுக்குன்னு நியமிச்ச அதிகாரிகிட்ட 3 வருஷத்துக்குள்ள மனு போடலாம்.

ஆக, மாசச் சம்பள பாக்கிக்கு 45 நாள் காத்திருக்கச் சொன்னா, "17(2) இப்படிச் சொல்லுதே, நீங்க எதை வெச்சு 45 நாள்னு சொல்றீங்க?"ன்னு மெயில்ல கேளுங்க. வாய்ப்பேச்சா கேட்டா எந்த ரெக்கார்டும் இருக்காது. வேலையை விட்ட மாசம்தான் வாடகையும் ஈ.எம்.ஐ.யும் நெருக்கும். அந்த நேரத்துல இந்த ஒரு மெயிலுக்கு மதிப்பு அதிகம்.

வக்கீல் எப்போ தேவை?

கம்பெனி நோட்டீஸ் அனுப்பினா, பாண்டைக் காட்டி மிரட்டினா, தனியா சமாளிக்க வேண்டாம். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தோட 15100 எண்ணுக்கு போன் பண்ணுங்க. 1987-ம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உதவி உண்டு. ஆண்களுக்கு வருமான வரம்பு மாதிரியான தகுதிகள் இருக்கு.

அடுத்த தடவை இப்படி ஃபார்வர்டு வந்தா, அனுப்பினவர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?"

உங்க ஆபீஸ்ல செட்டில்மென்ட் எத்தனை நாள்ல வந்துச்சு? கமென்ட்ல சொல்லுங்க. கிராஜுவிட்டி கணக்கு அடுத்த வீடியோவுல!